மூவிங் காயில் ஊசிக்கு டிரான்ஸ்ஃபார்மர்: வாசகர் கேள்வி - பதில்

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் ஆட்டத்தைப் பாட்டு சிக்னலாக மாற்றும் சின்னப் பாகத்தில் ஒரு வகை) பற்றிப் போன இதழில் ஒரு பதிலின் நடுவே ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா, எது, எப்படி என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன என்பதால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். இருபது வருஷமாக எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜில்தான் எல்பி தட்டு கேட்டு வந்தேன். மகன் இப்போது டெனான் டிஎல்-103 என்ற எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் வாங்கித் தந்திருக்கிறான். கார்ட்ரிட்ஜின் சிக்னலைப் பெருக்கி ஆம்புக்குக் கொடுக்கும் என் ஃபோனோ ப்ரீஆம்பில் எம்எம் நுழைவு மட்டும்தான் உண்டு. வால்யூமை முக்கால்வாசி திருப்பியும் பாட்டு மெலிசாகவே கேட்கிறது, பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வேறு. ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொல்கிறார்கள். 1:10, 1:20, 1:36 என்று மூன்று அளவு இருக்கிறதாம். வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடலாமா? (வாசகர், திருநகர்)

பதில்: பெரியது வேண்டாம். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 1:10 (வோல்டேஜைப் பத்து மடங்காக்குவது) அல்லது 1:20, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் காசை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

எம்எம் வகையில் ஊசியோடு சேர்ந்து ஆடுவது காந்தம். காயில் அசையாமல் இருக்கும், அதனால் அதில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம், 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை வரும். எம்சியில் காயிலே ஊசியோடு சேர்ந்து ஆட வேண்டும். கனமாக இருந்தால் ஆடாது, ஆகவே தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் கொஞ்சம் சுற்றுகள்தான். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், அதாவது நீங்கள் இத்தனை நாள் பழகியதில் பத்தில் ஒரு பங்கு. ஜப்பானில் என்ஹெச்கே வானொலிக்காக 1960களில் செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜ் அது, இன்று வரை நிற்காமல் தயாராகிறது என்றால் அதன் நாணயத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 'ஸ்ஸ்'. நம் ஊர் ப்ரீஆம்ப்களில் பரவலாக இருக்கும் என்இ5532 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த இரைச்சல் காது கேட்கும் எல்லை முழுக்கச் சேர்த்தால் தோராயமாக 0.7 மைக்ரோவோல்ட். 3 மில்லிவோல்ட் பாட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 0.3 மில்லிவோல்ட் பாட்டுக்கு முன்னால் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். வால்யூமைத் திருப்பினால் ரெண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, நீங்கள் கேட்பது அதைத்தான். டிரான்ஸ்ஃபார்மரில் டிரான்சிஸ்டர் இல்லை, கரண்ட் சப்ளை இல்லை, கம்பியும் இரும்பு-நிக்கல் கோரும் மட்டும்தான். கம்பியின் ரெசிஸ்டன்ஸால் வரும் துளி இரைச்சலைத் தவிர அது தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. பாட்டை ஐசியின் வாசலுக்கு வரும் முன்பே பத்து மடங்கு ஆக்கிக் கொடுத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போடுவது சத்தத்துக்காக என்று நினைக்காதீர்கள். சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் இன்னொரு ஐசி போதும். இரைச்சலைக் கூட்டாமல் சத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் இது.

சரி, எந்த அளவு? மதுரைக்காரருக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். சித்திரைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். குழாய் ஸ்பீக்கர் யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், எல்எம்டி என்பார்கள். ஆம்பிலிருந்து 100 வோல்ட் லைன் தெரு முழுக்க ஓடும், ஒவ்வொரு குழாயிலும் அந்த எல்எம்டி அதைக் குறைத்து யூனிட்டுக்குக் கொடுக்கும். அதில் எந்த டேப்பில், அதாவது எந்த இணைப்பு முனையில், ஒயரை மாட்டுவது என்பதில்தான் அவருடைய தொழிலே இருக்கிறது. தப்பான டேப்பில் போட்டால் ஆம்ப் திணறும், காரணம் அந்தப் பக்கத்து ஓம் இந்தப் பக்கத்துக்கு வேறு அளவாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும் மாற்றுவதில்லை, ஓமையும் மாற்றுகிறது, அதுவும் சுற்று விகிதத்தின் வர்க்கத்தில் மாற்றுகிறது. உங்கள் ஊசிக்கும் அதே கணக்குத்தான், திசை மட்டும் மாறுகிறது.

உங்கள் ப்ரீஆம்பின் எம்எம் நுழைவு 47 கிலோ ஓம். நடுவில் 1:10 வைத்தால் கார்ட்ரிட்ஜ் பார்ப்பது 47,000-ஐ 100-ஆல் வகுத்த 470 ஓம். 1:20 என்றால் 400-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 117 ஓம். 1:36-இல் 36 ஓம்தான் மிஞ்சும். டிஎல்-103-இன் காயில் 40 ஓம். 40 ஓம் காயிலுக்கு 36 ஓம் சுமையைக் கொடுத்தால் அது உண்டாக்கும் வோல்டேஜில் பாதிக்கு மேல் அதன் சொந்தக் காயிலுக்குள்ளேயே விழுந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:10-இல் கைக்கு வருவது சுமார் 2.8 மில்லிவோல்ட். 1:20-இல் 6 வர வேண்டியது, சுமையில் இழந்தது போக 4.5. 1:36-இல் 10.8 வர வேண்டியது, வருவது 5.1 மட்டும். இருபதிலிருந்து முப்பத்தாறுக்குத் தாவி நீங்கள் சம்பாதித்தது அரை மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். அதற்குப் பதிலாகக் கொடுத்தது என்ன? மேல் ஸ்தாயி. ப்ரீஆம்ப் பக்கம் இருந்து பார்த்தால் உங்கள் 40 ஓம் காயில் இப்போது 50 கிலோ ஓமுக்கு மேலான ஒரு பூதமாகத் தெரிகிறது, அதோடு ஒயரின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குணம்) ப்ரீஆம்பின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து 300 பிகோ ஃபாரட் இருந்தாலே 21 கிலோ ஹெர்ட்ஸில் 3 டெசிபல் போய்விடுகிறது, அதற்குக் கீழேயே சரிவு தொடங்கிவிடும், டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வயலினில் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல், ஜால்ராவின் கடைசி அதிர்வு, இதெல்லாம்தான் முதலில் மங்கும். 1:36 தப்பான பொருள் என்று சொல்லவில்லை. ரெண்டு மூணு ஓம் காயில் வைத்த கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் அது.

பழகிய ஒரு வழி: கார்ட்ரிட்ஜ் பார்க்கும் சுமை அதன் காயில் ஓமைப்போலப் பத்து மடங்கு இருந்தால் கவலையே இல்லை, ரெண்டு மடங்குக்குக் கீழே போக வேண்டாம். அந்தக் கணக்கில் 1:10 உங்களுக்குத் தாராளம், 1:20 எல்லைக்குள். நான் டிஎல்-103-ஐ 1:10-இல்தான் கேட்கிறேன், வாய்ப்பாட்டு தட்டுகளுக்கு அதன் விரிந்த சத்தம் எனக்குப் பிடிக்கிறது. 1:20-இல் கொஞ்சம் திரண்டு, அடக்கமாக வரும், அதை விரும்புகிறவர்களும் உண்டு. நல்ல டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் பிரைமரி, அதாவது கார்ட்ரிட்ஜ் பக்கத்துச் சுற்று, ரெண்டு தனித்தனிக் காயிலாக இருக்கும். தொடராக இணைத்தால் குறைந்த விகிதம், இணையாக இணைத்தால் அதன் இரு மடங்கு. அப்படி ஒன்றை வாங்கினால் ரெண்டையும் வீட்டில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். சுவீடனில் லுண்டால், அமெரிக்காவில் ஜென்சன், சினிமேக், இங்கிலாந்தில் சவுட்டர், ஜப்பானில் ஹஷிமோட்டோ, இவர்கள் எல்லாரும் இதற்கென்றே செய்கிறார்கள். இறக்குமதி என்பதால் விலை கனமாகத்தான் இருக்கும். பெட்டிக்கும் அழகுக்கும் கொடுக்காமல் உள்ளே இருக்கும் இரும்புக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, 1:10 வாங்கிவிட்டு 470 ஓம் அதிகமாகத் தோன்றுகிறது, கொஞ்சம் கூசுகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டியதில்லை. செகண்டரி பக்கம், அதாவது ப்ரீஆம்புக்குப் போகும் பக்கம், சிக்னல் ஒயருக்கும் எர்த்துக்கும் குறுக்கே 12 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று சேனலுக்கு ஒன்றாகப் போடுங்கள். கார்ட்ரிட்ஜ் பார்ப்பது 96 ஓமாக இறங்கிவிடும். ரெசிஸ்டர் விலை ரூபாய்க் கணக்கில்தான். பிரைமரி பக்கம் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மரின் உச்ச அதிர்வை அடக்கும் வேலையும் செகண்டரியில் போட்டால்தான் நடக்கும்.

அப்புறம், டிஎல்-103-இன் ஊசி விறைப்பானது. 2.5 கிராம் எடை வையுங்கள், லேசான டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) என்றால் கனமான ஹெட்ஷெல் (அதன் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதி) மாட்டுங்கள். இதைச் சரி செய்யாமல் டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: 1:20 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிவிட்டேன். சத்தம் அருமை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. பழைய வீடு, மேல மாசி வீதியில் மாடியில் இருக்கிறேன். ஃபேன் போட்டால் ஹம் இன்னும் மோசமாகி 'கிர்ர்' என்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பழுதா? (வாசகர், மதுரை)

பதில்: பழுது இல்லை. அது தன் வேலையை உங்களுக்கு வேண்டாத ஒரு இடத்திலும் செய்கிறது, அவ்வளவுதான். காந்தப் புலத்தை வோல்டேஜாக மாற்றுவதுதானே டிரான்ஸ்ஃபார்மர்? பக்கத்து ஆம்புக்குள் இருக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் புலத்தையும் அது மாற்றிக் கொடுக்கும். அதற்குமேல் ஆர்ஐஏஏ என்று ஒன்று இருக்கிறது. எல்பி வெட்டும்போது அடி ஸ்தாயியைக் குறைத்து வெட்டுகிறார்கள், ப்ரீஆம்ப் அதைத் திரும்பத் தூக்கிக் கொடுக்கிறது. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, கூடுதலாகத் தூக்கப்படுகிறது. நம் மின்சாரம் சரியாக அந்த 50-இல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதல் வேலை இடம் மாற்றுவது. என் வீட்டில் அந்தச் சின்னப் பெட்டியை ஆம்ப் மேல் வைத்திருந்தேன், பார்க்க ஒழுங்காக இருந்தது. ஹம்மில் தனி ஆவர்த்தனமே கேட்கவில்லை. ரெண்டு நாள் எர்த் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பெட்டியைக் கையில் எடுத்த நொடியில் ஹம் குறைந்தது. இப்போது ஆம்பிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கிறது. நீங்களும் வால்யூமைப் பாட்டுக் கேட்கும் அளவில் வைத்து, ஊசியைத் தட்டில் வைக்காமல், பெட்டியைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் ஹம் ஏறும், அதற்குக் குறுக்கே ஏறக்குறைய 90 டிகிரியில் விழுந்துவிடும். விழுந்த கோணத்தில் அப்படியே வையுங்கள், அலமாரியில் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆம்ப், இன்வெர்ட்டர், டர்ன்டேபிள் மோட்டார், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இந்த நான்கிலிருந்தும் தூரம் வேண்டும்.

தள்ளி வைப்பதற்காக ஒயரை நீட்டும்போது எந்த ஒயரை என்று பாருங்கள். டர்ன்டேபிளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இடையில் ஒயர் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ப்ரீஆம்புக்குப் போகும் ஒயர் குட்டையாக, ரெண்டு அடிக்குள், கெப்பாசிட்டன்ஸ் குறைந்ததாக இருக்க வேண்டும். ப்ரீஆம்பில் கெப்பாசிட்டன்ஸ் ஸ்விட்ச் இருந்தால் ஆகக் குறைந்த அளவில் வையுங்கள்.

அடுத்து எர்த். டர்ன்டேபிளின் எர்த் ஒயர் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் எர்த் திருகுக்கு, அங்கிருந்து இன்னொரு ஒயர் ப்ரீஆம்பின் எர்த் திருகுக்கு. ஒரே பாதை. டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்புக்குத் தனியாக இன்னொன்று ஓடினால் அது வளையமாகி ஹம்மைத் தானே உண்டாக்கும். சில டர்ன்டேபிள்களில் ஒரு சேனலின் எர்த்தை உள்ளேயே ஆர்முடன் இணைத்திருப்பார்கள், அங்கே தனி எர்த் ஒயரைக் கழற்றினால்தான் சத்தம் நிற்கும். கழற்றியும் மாட்டியும் பாருங்கள், எது அமைதியோ அதுவே சரி.

'கிர்ர்' வேறு விஷயம். அது எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புவதால் வருவது, லைனிலும் காற்றிலும் பரவும். ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். படிப்படியாக ஓடும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாற்றினால் தொல்லை தீரும், சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேள் என்று மாடியில் இருக்கிறவரிடம் நான் சொல்ல மாட்டேன். உங்களுடையது பழைய வீடு என்கிறீர்கள், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூணு முள் பிளக்பாயிண்ட் இருப்பதும் அதன் பின்னால் எர்த் இருப்பதும் ஒன்றல்ல. ஹம் நிற்கிறதே என்று ஆம்பின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், அது உயிரைக் காக்கிற ஒயர்.

கேள்வி: அண்ணே, நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து வால்வு ஆம்ப் ரெண்டு குடோனில் கிடக்கிறது, ரெண்டும் ஒரே மாடல். ரெண்டிலும் மைக் இன்புட்டில் சின்ன உலோகக் குப்பியில் அடைத்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 200 ஓம் / 50 கிலோ ஓம் என்று எழுதியிருக்கிறது. இதை எம்சிக்குப் பயன்படுத்தலாமா? இல்லையென்றால் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு: தாராளமாக முயற்சி செய்யலாம். டைனமிக் மைக்கும் எம்சியும் ஒரே குடும்பம்தான், ரெண்டிலும் காந்தத்துக்குள் காயில் ஆடுகிறது. 50,000-ஐ 200-ஆல் வகுத்தால் 250, அதன் வர்க்கமூலம் சுமார் 15.8. அதாவது உங்களிடம் 1:16 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 47 கிலோ ஓம் ப்ரீஆம்புடன் கார்ட்ரிட்ஜ் பார்ப்பது 188 ஓம், டிஎல்-103 போட்டால் 3.9 மில்லிவோல்ட் வரும். அச்சாகப் பொருந்துகிறது. ரெண்டும் ஒரே மாடல் என்பது உங்கள் அதிர்ஷ்டம், ஸ்டீரியோவுக்கு ஜோடி ஒத்துப்போக வேண்டும்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வையுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது. அடி ஸ்தாயிக்குத் தேவையான இண்டக்டன்ஸ் அதில் இருக்குமா என்பது கேட்டால்தான் தெரியும், தவிலின் தொப்பிப் பக்கம் வரும் ஒரு தட்டைப் போட்டுப் பாருங்கள், அங்கே மெலிந்தால் அதன் எல்லை அது. உலோகக் குப்பி மியூ-மெட்டல் என்றால் ஹம்மைத் தடுக்கும். கழற்றும்போது கீழே போட்டுவிடாதீர்கள், தட்டினாலும் அடி வாங்கினாலும் மியூ-மெட்டலின் தடுக்கும் குணம் குறைந்துபோகும். வால்வு ஆம்பைத் திறக்கும் முன் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்டை இறக்கிவிட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பல மாதம் கழித்து அவசரத்தில் திறக்கும்போதுதான் மறக்கும்.

புதிதாகச் சுற்றுவது வேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிறவரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சனை கோர். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் வரும் சிலிக்கான் ஸ்டீல், மில்லிவோல்ட்டுக்கும் கீழே உள்ள சிக்னலில் விழித்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. நிக்கல் நிறைந்த பெர்மலாய் வேண்டும், அதுவும் வெட்டிய பிறகு முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தியது. அது கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற சரக்கு இல்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். அப்பா விட்டுப்போன கர்நாடக இசைத்தட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, எம்.எஸ். அம்மாவின் தட்டுகள் நிறைய. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் சில பழைய 78 தட்டுகளும் உண்டு. எம்எம் ஊசி உள்ள ஒரு டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறேன். அப்பாவின் தட்டுகளுக்கு நியாயம் செய்ய எம்சியும் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். வேண்டுமா? (வாசகி, கே.கே.நகர்)

பதில்: கட்டாயம் இல்லை அம்மா. நல்ல எம்எம், சரியாகப் பொருத்தியது, சுத்தமான தட்டு, இந்த மூன்றும் இருந்தால் மதுரையில் பிறந்த அந்தக் குரல் உங்கள் கூடத்தில் நிற்கும். முதலில் தட்டுகளுக்குச் செலவு செய்யுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு மென்மையான சோப்பு, நல்ல மென்மையான பிரஷ், லேபிள் நனையாமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவை, அவற்றின் மேல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்பி ஊசியாலும் அவற்றைப் போடாதீர்கள். 78-இன் பள்ளம் சுமார் மூணு மடங்கு அகலம், எல்பி ஊசி அடியில் போய்க் குப்பையில் உராயும். அதற்கென்று தனி ஊசி உண்டு.

பின்னாளில் எம்சியின் சத்தம் எப்படித்தான் இருக்கும் என்று ஆசை வந்தால் டெனான் டிஎல்-110 மாதிரி ஹை-அவுட்புட் எம்சி இருக்கிறது, 1.6 மில்லிவோல்ட். நேராக எம்எம் நுழைவில் மாட்டலாம், வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையே படாது.

கேள்வி: என் ப்ரீஆம்பில் எம்சி ஸ்விட்ச் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரையும் போட்டு எம்சி ஸ்விட்சையும் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா? ஒரு சேனல் விட்டு விட்டு வருகிறது, மல்டிமீட்டரில் எந்த அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்? (வாசகர், மேலூர்)

பதில்: ரெண்டும் சேர்த்து வேண்டாம். எம்சி நுழைவு ஏற்கெனவே இருபது டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தூக்குகிறது, அதன் ஓமும் பெரும்பாலும் நூறு அளவில் இருக்கும். 1:10 டிரான்ஸ்ஃபார்மர் அதை நூறால் வகுத்து, கார்ட்ரிட்ஜுக்கு ஒரு ஓம் சுமையாகக் காட்டும். சுத்தமாக அமுங்கிப்போகும். டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் எம்எம் பக்கம்தான்.

மல்டிமீட்டரை எந்த அளவிலும் வைக்காதீர்கள். ஓம் பார்க்கும்போது மீட்டர் டிசி கரண்டை உள்ளே அனுப்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் அது கோரைக் காந்தமாக்கும், கார்ட்ரிட்ஜில் காயிலையே எரித்துவிடக்கூடும். எனக்கே நடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் முள் மீட்டரை எக்ஸ்1 ஓம் அளவில் வைத்து என் கார்ட்ரிட்ஜைப் பார்த்திருக்கிறார்கள், திரும்பி வந்தபோது வலது பக்கம் செத்துப்போயிருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்து வாங்கியது, இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

மீட்டரே இல்லாமல் கண்டுபிடிக்கலாம். வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஹெட்ஷெல்லில் இடது, வலது ஒயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கார்ட்ரிட்ஜில் அல்லது அதன் முள்ளில். தாவாமல் அதே ஸ்பீக்கரில் இருந்தால், ஹெட்ஷெல்லை அப்படியே விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் நுழையும் ஆர்சிஏ பிளக்குகளை இடம் மாற்றுங்கள். இப்போது தாவினால் ஹெட்ஷெல் ஒயரில், டோன் ஆர்ம் ஒயரில் அல்லது அந்த பிளக்கில். அப்போதும் தாவவில்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரிலோ அதற்கு அப்புறமோ. விட்டு விட்டு வருவதாகச் சொல்வதால் என் சந்தேகம் ஹெட்ஷெல் ஒயரின் நுனியில் இருக்கும் சின்னக் கிளிப் மேல்தான். கழற்றி, பல் குத்தும் குச்சியை நடுவில் வைத்துக்கொண்டு குறட்டால் லேசாக இறுக்கி மாட்டிப் பாருங்கள். கிளிப் கார்ட்ரிட்ஜில் இருக்கும்போது இறுக்காதீர்கள், முள் ஒடிந்துவிடும்.